சாராள் அக்காவின் தெலுங்கு

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் பக்காலாவில் தயிர் வாங்க நின்றுகொண்டிருந்தேன். பக்காலா என்றால் இங்கே குவைத்தில் சின்ன மளிகைக் கடை. எங்கள் அப்பாசியாப் பகுதியில் தடுக்கி விழுந்தால் ஒரு பக்காலாவில்தான் விழ வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் தெலுங்கில் யாரிடமோ பொரிந்துகொண்டிருந்தாள். நடுவில் ஓர் இடத்தில், "தோடு எவரூ லேரு!" என்று குரலை உயர்த்தினாள். என் இரண்டு கைகளும் தன்னால் காதுக்குப் போய்விட்டன. போனதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் திரும்பி முறைத்தாள். கல்லாவில் இருந்த மலையாளிச் சேட்டன் தயிர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மகள் ஷைனி, வயது பதினான்கு, இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "மம்மி, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். இதையாவது தமிழில் சொன்னாளே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

மாடி ஏறும்போது சொன்னேன், "ஒண்ணுமில்லடி, சாராள் அக்கா ஞாபகம் வந்துருச்சு."

"ஹூ இஸ் தட்?"

நான் படியிலேயே நின்றுவிட்டேன். இவளுக்கு அம்மை போட்டபோது மூன்று இரவு எங்கள் வீட்டில் தங்கிப் பார்த்தவள் சாராள் அக்கா. இவள் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கேக் செய்கிறேன் என்று அடுப்பைத் தீய்த்து, எங்கள் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அக்கா இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது. இங்கே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பள்ளி நண்பர்களும் அடுத்த வீட்டுக்காரர்களும் விசா முடிந்து மாறிவிடுகிறார்கள். யாரையும் ரொம்ப நாள் நினைவில் வைத்துக்கொள்ளாமல் இருக்க அவர்கள் பழகிவிட்டார்கள்.

ஷைனி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், இவ்வளவு நீளம் படிக்கமாட்டாள். ஊரில் இருக்கும் நீங்களாவது படியுங்கள்.

2

குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. சிட்டியில் ஒரே வளாகத்துக்குள் பல மொழிச் சபைகள், மணிக்கணக்குப் போட்டு அறைகளைப் பகிர்ந்துகொள்கிறோம். மலையாளிகள் ஆசீர்வாதம் வாங்கி முடிக்கும் முன்பே தமிழ்ச் சபை வாசலில் இடித்துக்கொண்டு நிற்கும். நாங்கள் கடைசிப் பாட்டில் இருக்கும்போது பிலிப்பினோக்கள் கித்தாரோடு எட்டிப் பார்ப்பார்கள்.

பக்கத்து நாட்டில் போர் நடந்ததற்கு அடுத்த வருஷம் எங்கள் போதகர் ஓர் ஏற்பாடு செய்தார். விருப்பமுள்ளவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஊழியத்துக்குப் போக வேண்டும். ஆண்களுக்கு லேபர் கேம்ப். பெண்களுக்கு ஆஸ்பத்திரி. அதோடு இன்னொரு இடமும் இருந்தது. வேலை செய்த வீடுகளிலிருந்து வெளியே வந்துவிட்ட பெண்களை, ஊருக்கு அனுப்பும் வரை தங்கவைத்திருந்த ஒரு வீடு. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடப்பை, கோதாவரிப் பக்கத்துத் தெலுங்குப் பெண்கள்.

"தெலுங்கு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று போதகர் கேட்டார்.

பின்வரிசையில் ஒரு கை எழும்பியது. நர்ஸ் சாராள் அக்கா. கோவில்பட்டிப் பக்கம். ஒரு கிளினிக்கில் வேலை. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார், ஒரே மகன் படித்து கனடாவுக்குப் போய்விட்டான். பாட்டு ஆரம்பித்தால் யாரும் கேட்காமலே இரண்டாம் குரலில் பாடுவாள். அது எந்தப் பாட்டின் இரண்டாம் குரல் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும்.

"தெலுங்கா? தண்ணி பட்ட பாடு ஐயா. எங்க தெருவுக்கு அடுத்த தெரு பூரா வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுத ஆளுகதான்" என்றாள்.

கார் ஓட்டத் தெரிந்த பெண் என்பதால் என்னை அவளோடு சேர்த்துவிட்டார்கள். நான் திருச்சிக்காரி, இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான்கு மணி என்றால் மூன்று ஐம்பத்தைந்துக்குக் கீழே ஹாரன் அடிப்பேன். அவள் நான்கே காலுக்கு, ஈரத் தலையும் முறுக்குப் பொட்டலமுமாக இறங்கி வந்து, "என்னட்டி, ரொம்ப நேரமாச்சா?" என்பாள். முதல் மாதம் பூராவும், இந்த அம்மாளிடமிருந்து எப்படி விடுதலை வாங்குவது என்றுதான் ஜெபம் செய்தேன்.

அவள் தெலுங்கின் லட்சணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. தமிழ்ச் சொல்லோடு ஒரு 'லு' சேர்த்தால் தெலுங்கு. அவ்வளவுதான் அவள் இலக்கணம். கடவுளின் வார்த்தையைச் சொல்கிறேன் என்று சொல்வதற்காக எழுந்து நின்றாள். செப்பு என்றால் சொல்லு என்பது எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். மரியாதைக்கு ஒரு 'லு' சேர்த்தாள்.

"தேவுடு மாட்ட செப்புலு!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து வாசலுக்குப் போய், நாங்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எடுத்து வந்து பத்திரமாக உள்ளே வைத்தாள். செப்புலு என்றால் தெலுங்கில் செருப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

"பாத்தியாட்டி, நம்ம வார்த்தைக்கு என்ன மரியாதை!" என்றாள் அக்கா. அவளுக்கு வெட்கம் என்பதே கிடையாது. நானாக இருந்தால் அந்த வீட்டுப் பக்கமே மறுபடி தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அவளோ அடுத்த வாரம் இன்னும் நிறைய 'லு'வோடு வந்தாள். அந்தப் பெண்கள் அவளுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வாரம் முழுவதிலும் சிரித்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

3

அந்த வீட்டில் சிரிக்காத ஒருத்தி இருந்தாள். பெயர் ரமணம்மா, ராஜம்பேட்டைக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். முப்பது வயது இருக்கும். மாடிப்படியின் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். காதில் பொட்டுத் தங்கம் இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்கத் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருப்பாள்.

அவள் கதையை அந்த வீட்டைப் பார்த்துக்கொண்ட மேரி என்ற மங்களூர்ப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். ரமணம்மா வேலைக்கு வந்து நாலைந்து மாதத்தில் முதலாளி வீட்டிலிருந்து வெளியே ஓடி வந்துவிட்டாள். பாஸ்போர்ட் முதலாளியம்மாவிடம். இந்த ஊர்ச் சட்டப்படி கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, ஓடிப்போனவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களே வந்து கையெழுத்துப் போட்டு விடுவிக்க வேண்டும். அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. ஒரு நாள் குறித்து இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். இரண்டு முறை கூப்பிட்டும் ரமணம்மா போகவில்லை. வேன் வந்து நின்றால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறாள். இன்னும் ஒருமுறைதான் கூப்பிடுவார்கள். அதற்கும் போகவில்லை என்றால் வழக்கை மூடிவிடுவார்கள், பிறகு எப்போது ஊர் போவாள் என்று யாருக்கும் தெரியாது.

"ஊரில் அம்மாவுக்குக் கண் தெரியாது. இவள் ஒரே பிள்ளை. ஆனாலும் நகரமாட்டேன் என்கிறாள்" என்றாள் மேரி.

சாராள் அக்கா படிக்கட்டடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "ரமணம்மாலு, ஏன்டி போமாட்டேங்க?"

ரமணம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நாங்கள் வந்து போக ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"நாக்கு தோடு காவாலி அக்கா. தோடு லேகுண்டா நேனு போலேனு."

இதற்கு அகராதியா வேண்டும்? எனக்குத் தோடு வேண்டும் அக்கா, தோடு இல்லாமல் நான் போக முடியாது. பச்சைத் தமிழ் மாதிரி இருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேர் கண்ணும் அந்தத் துடைப்பக் குச்சிக்குப் போயிற்று.

"எக்கட தோடு?" என்று கேட்டாள் அக்கா. தோடு எங்கே என்று.

"இக்கட எவரூ லேரு" என்று ரமணம்மா அழ ஆரம்பித்தாள்.

"இங்க இல்லையாம்" என்றாள் அக்கா என்னிடம். "அப்ப அந்த வீட்லதான் மாட்டிக்கிட்டு. வெறுங்காதோட ஊருக்குப் போனா நாலு பேரு என்ன சொல்லுவான்? அரபு நாட்டுக்குப் போய்ச் சம்பாதிச்ச லட்சணத்தைப் பாருன்னு சிரிக்க மாட்டானா? பாவம், எவ்வளவு ரோசக்காரி பாத்தியா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கல்யாணமான எந்தத் தமிழச்சிக்கும் அப்படித்தான் படும்.

4

தோட்டைக் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்பதுபோல அக்கா மேரியிடம் அந்த முதலாளி வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டாள். மேரி தலையில் அடித்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

இந்த இடத்தில் என் லைசென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிகிரி இருந்தால்தான் வெளிநாட்டவருக்கு இங்கே கார் லைசென்ஸ். அதை வாங்க நான் மூன்று முறை தேர்வில் தோற்று, டிகிரி சான்றிதழை ஊரில் ஓரிடம், டில்லியில் ஓரிடம், இங்கே ஓரிடம் என்று முத்திரை குத்தி வாங்கி, நாயாக அலைந்திருந்தேன். ஒரு கஃபீல் வீட்டு வாசலில் வம்பு செய்து அது பறிபோனால் அதற்கு யார் பதில் சொல்வது? காரில் போகும்போதே கேட்டேன்.

"ஆண்டவர் சொல்லுவார், நீ ரோட்டப் பாரு" என்றாள் அக்கா. அந்த வீடு இருந்த ஜஹ்ராவுக்குப் போகிற வழியெல்லாம் முறுக்குத் தின்றுகொண்டு வந்தாள். டியூட்டி முடிந்து நேராக வந்ததால் நர்ஸ் யூனிபார்மிலேயே இருந்தாள்.

கதவைத் திறந்தது வீட்டு எஜமானியே. என் வயதுதான் இருக்கும். வெள்ளை உடுப்பைப் பார்த்ததும், யாருக்கோ ஊசி போட வந்திருக்கிறோம் என்று நினைத்து மரியாதையாக உள்ளே அழைத்தாள். அக்காவுக்குத் தெரிந்த அரபி பூராவும் கிளினிக் அரபி. எங்கே வலி, நாக்கை நீட்டு, மூச்சை இழு. உடம்பின் பாகங்கள் எல்லாம் தெரியும், ஆனால் அவற்றில் போடுகிற நகைகளின் பெயர் ஒன்றும் தெரியாது. தோட்டுக்கு அரபியில் என்ன? யோசித்துப் பார்த்துவிட்டு, தெரிந்ததை வைத்துக் கேட்டேவிட்டாள்.

"வேன் ரமணம்மா இதின்?"

ரமணம்மாவின் காது எங்கே?

எஜமானியின் முகம் வெளுத்துவிட்டது. தன் வீட்டில் வேலை செய்த பெண்ணின் காதைக் காணோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருக்கிறது! அக்காவுக்குத் தப்பு புரிந்தது. தன் காதுத் தோட்டைப் பிடித்து ஆட்டி, "இதின் தஹப்! தஹப்!" என்றாள். காதுத் தங்கம். இப்போது வெளுத்த முகம் சிவந்தது.

"அனா ஹராமிய்யா?" என்று அந்தப் பெண் எழுந்து நின்றாள். நான் திருடியா? பிறகு அரபியும் ஆங்கிலமுமாகக் கொட்டித் தீர்த்தாள். அவள் வந்தபோதே காதில் குச்சிதான் இருந்தது. நான் கை நீட்டி அடித்தது கிடையாது. என் பிள்ளைகள் சாப்பிடுவதையே அவளுக்கும் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அந்த அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்க் காத்திருந்தேன், அவள் வரவில்லை. இப்போது திருட்டுப் பழியா? ஞாயிற்றுக்கிழமை கடைசி முறையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் வருவேன். அவளும் வரட்டும். அதிகாரி முன்னால், என் முகத்தைப் பார்த்து, நான் தங்கம் எடுத்தேன் என்று சொல்லட்டும். சொன்னால் நான் கையெழுத்தே போடமாட்டேன், போலீஸில் எழுதிக் கொடுப்பேன்.

திரும்பி வரும்போது அக்கா முறுக்கைத் தொடவில்லை. "பொய் சொல்லுத மாதிரி தெரியலயேட்டி" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். ஊருக்கு அனுப்பப் போய், அந்தப் பெண்ணைத் திருட்டு வழக்கில் மாட்டிவைத்துவிட்டோம் என்று பயந்து, நேராக ரமணம்மா இருந்த வீட்டுக்கே காரை விட்டேன்.

5

அந்த வீட்டுக்கு அன்று புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். சித்தூர்க்காரி, தமிழும் தெலுங்கும் சமமாகப் பேசுபவள். அவளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டடிக்குப் போனோம்.

"இவ தோடு எங்க போச்சுன்னு சரியாக் கேளும்மா. வந்தப்பவே காதுல இல்லையாம்லா?"

சித்தூர்க்காரி கேட்டாள். ரமணம்மா முழித்தாள். இரண்டு பேரும் என்னவோ பேசினார்கள். பிறகு சித்தூர்க்காரி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, தெலுங்குல தோடுன்னா காதுல போடறது இல்ல. அதுக்குக் கம்மலுன்னு சொல்லுவோம். தோடுன்னா தொணை. கூட ஒரு ஆளு. அந்த ஆபீசுல வேன் எறக்கி விட்டுட்டுப் போயிடுதாம், உள்ள ஒத்தையா போய் அவங்க முன்னாடி நிக்கணும்னு பயப்படுறா. யாராச்சும் கூட வாங்கன்னுதான் உங்களக் கேட்டிருக்கா. இங்க எனக்கு யாரும் இல்ல, தொணையில்லாம நான் போகமாட்டேன்னு."

 நாங்கள் மாதக்கணக்கில் அவர்களுக்குப் பாட்டும் பிரியாணியும் சோப்பும் கொண்டுபோயிருக்கிறோம். அவளுக்கு வேண்டியிருந்தது எங்களில் யாராவது ஒருவர்.

நான் சிரிப்பேனோ அழுவேனோ என்றிருந்தேன். சாராள் அக்கா தரையில் கையை ஊன்றி மெள்ள உட்கார்ந்தாள்.  பிறகு ரமணம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கு கிலுங்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழிலேயே கத்தினாள்.

"ஏ கூறுகெட்டவளே, இதுக்கா இத்தனை நாளு அழுத? நான் வாரேன்! ஞாயித்துக்கெழம நான் வாரேன்!"

அது ரமணம்மாவுக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் புரிந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலைநாள். அக்கா கிளினிக்கில் கெஞ்சி லீவு வாங்கினாள். நான் இரண்டு பீரியடை இன்னொரு டீச்சர் தலையில் கட்டிவிட்டுப் போனேன்.

அந்த அலுவலகத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஊர் அலுவலகம் மாதிரியும்தான். ஒரு ஜன்னலில் நம்பர், இன்னொரு ஜன்னலில் முத்திரை, முத்திரைக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பல நாட்டுப் பெண்கள் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ரமணம்மா மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், அக்காவின் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எஜமானி வந்தாள். கறுப்பு அபாயா, கறுப்புக் கண்ணாடி, கையில் பாஸ்போர்ட். நேராக அதிகாரியிடம் போய்த் தங்கக் கதையை ஆரம்பித்தாள். அதிகாரி மொழிபெயர்க்கிறவரைக் கூப்பிட்டார். வந்தவர் மலையாளி. ரமணம்மாவுக்கோ தங்கத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நாலு பேர் கத்துவதைப் பார்த்து எழுந்து ஓடிவிடுவாள்போல இருந்தது.

அக்கா எழுந்தாள். "சேட்டா, தப்பு எங்களுது. அந்தப் பிள்ள தோடு வேணும்னா. நாங்க தோடுன்னு நெனச்சோம். ஆனா அவ கேட்டது தோடு."

மலையாளி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "தோடோ? ஈ மருபூமியில் எவிடெயா தோடு?"

மலையாளத்தில் தோடு என்றால் ஓடை. இந்தப் பாலைவனத்தில் ஓடைக்கு எங்கே போவது என்று அவர் கவலைப்பட்டார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டேன். பிறகு நான் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் கேட்டுக் கேட்டு அதிகாரிக்கு அரபியில் சொன்னார். தமிழுக்குக் காதைத் தொட்டுக் காட்டினார், மலையாளத்துக்குக் கையை அலைபோல ஆட்டினார், கடைசியில் தெலுங்குக்கு அக்காவையும் ரமணம்மாவையும் சேர்த்துக் காட்டி, "ரஃபீகா" என்றார். துணைக்காரி. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். டீ கொண்டுவந்த வங்காளியும் விஷயம் தெரியாமலே சிரித்தார்.

எஜமானி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். "அந்த வார்த்தையை இன்னொருமுறை சொல்லச் சொல்" என்றாள்.

"தோடு" என்றாள் ரமணம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"தோது" என்று எஜமானி சொல்லிப் பார்த்தாள். அரபி நாக்குக்கு நம் 'டு' வராது. "இதை என்னிடமும் சொல்லுவாள். அவளுக்கு மொட்டை மாடியில் தனி அறை கொடுத்திருந்தேன். தினமும் இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டு தோது, தோது என்பாள். பசிக்கிறது என்று நினைத்தேன். ரொட்டி கொடுத்தேன். அழுதுகொண்டே வாங்கிப் போவாள்."

மலையாளி அதைக் குரலைத் தணித்துத்தான் எங்களுக்குச் சொன்னார். தனி அறை என்பது அந்த அம்மாள் செய்த மரியாதை. ஒரே அறையில் தாயோடு ஒட்டிப் படுத்து வளர்ந்தவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எஜமானிக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரியவில்லையே.

எஜமானி பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பாஸ்போர்ட்டை மேஜையில் வைக்காமல், ரமணம்மாவிடமே நீட்டினாள். "கலாஸ்" என்றார் அதிகாரி. முடிந்தது.

வெளியே வந்ததும் சாராள் அக்கா, "ஸ்தோத்திரம்! ஆனா சத்தியமா சொல்லுதேன், அந்தப் பொம்பள நல்லவட்டி" என்றாள். தொடர்ந்து, திருடி என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அரபியில் மன்னிப்புக்கு என்ன சொல் என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் அக்கா, இன்னொரு வார்த்தை வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் காரில் ஏற்றினேன்.

போதகர் அந்த மாதக் கூட்டத்தில், ஊழியத்தின் பலன் என்ன என்று கேட்டார். ரமணம்மா கடைசிவரை வெங்கடேசப் பெருமாளைத்தான் கும்பிட்டாள். என்ன சொல்வது என்று நான் தடுமாறினேன். அக்கா எழுந்து, "ஒருத்தி ஊருக்குப் போய்ட்டா ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

7

அதற்குப் பிறகும் நாலு வருஷம் நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனோம். சண்டை போட்டுக்கொண்டேதான் போனோம். பிறகு அவளுக்கு ஊரின் மறுகோடியில் வேறு கிளினிக் கிடைத்தது, அதற்கப்புறம் சண்டையெல்லாம் போனில்தான். அக்கா மாதத்துக்கு ஒருமுறை காலிங் கார்டு வாங்கி ராஜம்பேட்டைக்குப் பேசுவாள். இவள் தெலுங்கில் பேச, அவள் தமிழில் பேச, என்னதான் புரிந்துகொள்வார்களோ, கார்டு தீரும் வரை சிரிப்பார்கள்.

போன வருஷம் அக்காவுக்கு உடம்புக்கு வந்தது. நர்ஸ் அல்லவா, ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மகன் கனடாவிலிருந்து வந்தான். பத்து நாள் இருந்துவிட்டு, லீவு இல்லை என்று அழுதுகொண்டே திரும்பினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. எனக்கும் லீவு கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது, முடியும் வரை கணக்கு டீச்சர் ஊரைத் தாண்டக்கூடாது. அங்கே அவள் தனியாகக் கிடக்கிறாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமிலிருந்து அவள் செல்லுக்கு அடித்தேன். வேறு குரல் எடுத்தது.

"ஹலோ, எவரு?"

எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "ரமணம்மாவா?"

"ஆ, அக்கா! நேனே!" என்றாள். பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். மாதப் போன் வரவில்லை, இவளே அடித்துப் பார்த்திருக்கிறாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டிருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை. அம்மாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, திருப்பதிக்கு ஒரு பஸ், வேலூருக்கு ஒரு பஸ். வந்து மூன்று வாரம் ஆகிறதாம். என்னிடம் யாரும் சொல்லவே இல்லை.

போன் கைமாறியது. அக்காவின் குரல் நூல் மாதிரி இருந்தது, ஆனால் அதில் சிரிப்பு இருந்தது.

"ஏட்டி, இவ தமிழு என் தெலுங்கைவிட மோசம். எனக்குக் குளிருதுன்னு நர்ஸ்கிட்ட சொல்லப் போனா. சளி, சளின்னு சொல்லியிருக்கா. அவ பாஷையில சளின்னா குளிராம். போர்வ வரும்னு பாத்தா, இருமல் மருந்தைக் கொண்டாந்து வாயில ஊத்திட்டாளுவ!"

சிரித்துச் சிரித்து அவளுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. ரமணம்மா தண்ணீர் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, பரீட்சை முடிஞ்ச மறுநாளே டிக்கெட் போட்டுட்டேன். வந்துருவேன்" என்றேன்.

"அவசரப்படாண்டாம்ட்டி. பிள்ளைகளுக்குப் பரீட்சைய நல்லபடியா முடி" என்றாள். "இங்க ஆள் இருக்கு."

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

பரீட்சை முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். செய்தி சொன்னது ரமணம்மாதான். அழுகையில் தமிழெல்லாம் மறந்து முழுக்கத் தெலுங்கில் பேசினாள், பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "செய்யி வதல்லேதக்கா, செய்யி வதல்லேது." அது புரிந்தது. அக்கா இவள் கையை விடவில்லையாம். கடைசிவரை பிடித்துக்கொண்டேதான் இருந்தாளாம்.

போனை வைத்துவிட்டு, ஸ்டாஃப் ரூம் என்றும் பார்க்காமல் முழங்கால் போட்டேன். அழுதுகொண்டுதான் இருந்தேன், ஆனால் என் வாயில் வந்ததெல்லாம் ஸ்தோத்திரம்தான்.